தட்டிவிட்டுத் திறப்பவர்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கால் நீட்ட இடம் இருக்கிறது. ஒரு பூட்டுக்காரரின் கதை சொல்கிறேன். நியாயம் யார் பக்கம் என்று அப்புறம் நீங்களே அடித்துக்கொள்ளுங்கள்.

அவர் சாவி தொலைத்தவர்களுக்குக் கதவு திறந்துவிடுகிறவர். அந்த வித்தையை வீடியோ எடுத்து இணையத்தில் போட்டுவந்தார். அப்போதுதான் புதுச் சட்டம் வந்தது. திருட்டுக்கு உதவுகிற எதையும் காட்டக் கூடாது. யாராவது புகார் கொடுத்தால் பக்கத்தையே மூடிவிடுவார்கள்.

புகார் எழுதியது அவருடைய மச்சினி. அவள் வீட்டில்தான் திருடன் புகுந்திருந்தான். பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. அன்றிலிருந்து அவள் குளிக்கப் போனாலும் கதவுக்கு நாற்காலி முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போவாள்.

அனுப்பும் முன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும் என்று வந்தாள். போனை மேசையில் வைத்தாள்.

"எழுதிட்டேன் அத்தான். அழுத்த வேண்டியதுதான் பாக்கி."

"அவன் என் வீடியோவைப் பாத்துதான் வந்தான்னு யார் சொன்னது?"

"பாக்கலைன்னு யார் சொன்னது?"

"அடி வாயாடி! குழந்தை உள்ளே தாழ் போட்டுக்கிச்சுன்னு தவிச்ச ஒரு அம்மா, அதைப் பாத்துத்தான் திறந்தா. இன்னிக்குப் பூட்டும்பாங்க. நாளைக்கு சமையல்காரன் கத்தி பிடிக்கிறதைக் காட்டக் கூடாதும்பாங்க. அப்புறம் வீட்டுல எப்ப விளக்கை அணைக்கணும்னும் சர்க்காரே சொல்லும்."

"அதைத்தான் நான் தினமும் சொல்றேனே, கேக்கறீங்களா?" என்றாள் உள்ளேயிருந்து அவர் மனைவி.

அந்த நேரம் பார்த்து ஒருவர் போனில் கூப்பிட்டார். சாவி தொலைந்துவிட்டதாம், உள்ளே யாரும் இல்லையாம், வீடு திறக்க வேண்டுமாம். பூட்டுக்காரருக்கு ஒரு வழக்கம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் யாரையாவது சாட்சிக்கு நிறுத்தாமல் கருவியை எடுக்க மாட்டார். பகல் வேளை, எல்லாரும் வேலைக்குப் போயிருப்பார்கள். "நீயே வந்து நில்லேன்" என்று மச்சினியைக் கூட்டிப் போனார்.

மாடியில் அந்த ஆள் நின்றிருந்தான். நல்ல சட்டை, நல்ல சிரிப்பு. "என் வீடுதான். சீக்கிரம்."

பூட்டுக்காரர் முதலில் கதவைத் தட்டினார். காலி வீடானாலும் தட்டுவார்.

"யாரும் இல்லைன்னு சொன்னேனே!"

உள்ளே ஏதோ நகர்ந்தது. பிறகு ஒரு பெண்குரல், மிகவும் மெதுவாக: "அண்ணா, திறக்காதீங்க."

பூட்டுக்காரர் கருவிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்த ஆள் கத்தினான். அவர் கதவுக்கு முதுகு கொடுத்து நின்றார். மச்சினி போலீசைக் கூப்பிட்டாள். அவர்கள் வந்து அவனைக் கூட்டிப் போகும்வரை இருவரும் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

திரும்பும் வழியில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. "பாத்தியா? எனக்கு எந்தச் சட்டம் வந்து சொல்லிக்கொடுத்துச்சு?"

அவள் நடையை நிறுத்தினாள். "நீங்க தட்டினீங்க அத்தான். உங்க வீடியோ தட்டுமா?"

வீடு வந்ததும் அவர் நேரே போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

காபியை ஆறவிட்டுவிட்டு, தம் வீடியோக்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் வெளியே வரும் வழியைக் காட்டியவற்றை வைத்துக்கொண்டார். வெளியே நின்று திறப்பதைக் காட்டியவற்றை அழித்தார். குழந்தை மாட்டிக்கொண்ட அந்த அம்மா பார்த்த வீடியோவும் இரண்டாவது வகைதான். அதற்கு மட்டும் விரல் வெகுநேரம் தயங்கியது. கடைசியில் அதுவும் போயிற்று. அவசரமென்றால் தம்மைக் கூப்பிடச் சொல்லி போன் எண்ணைப் போட்டுவைத்தார். அந்த எண் எத்தனை ஊருக்கு எட்டும்?

"சர்க்கார் எடுக்கச் சொல்லியிருந்தா எடுத்திருப்பீங்களா?" என்று கேட்டாள் மச்சினி.

"வீம்புக்காவது விட்டு வச்சிருப்பேன்."

"எல்லாரும் உங்களை மாதிரி தானா எடுப்பாங்களா?"

"மாட்டாங்க" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

அவள் அத்தான் மேல் எழுதிய புகாரை அழித்தாள். ஆனால் அந்தச் சட்டம் வேண்டாம் என்று கடைசிவரை சொல்லவில்லை. அவரும் வேண்டும் என்று சொல்லவில்லை. இன்றைக்கும் இருவரும் சேர்ந்தால் அவள் அக்காள்தான் நடுவில் புகுந்து விலக்குகிறாள்.

சரி, எழுந்திருங்கள் செல்வங்களா. உங்கள் வீட்டுத் தாழ்ப்பாள் என்றும் உங்கள் கைக்கு எட்டுகிற இடத்திலேயே இருக்கட்டும். வருகிறவர்கள் தட்டிவிட்டு வரட்டும். உள்ளே இருப்பவர்கள் பயமில்லாமல் திறக்கட்டும்.