பெனீட்டா பிசைந்த இறைச்சி

டிசம்பரில் பனி இறுகியதும் ஸ்பெயினில் எங்கள் எஸ்த்ரமாதுரா மலையடிவாரத்தில் வீடுதோறும் பன்றி அறுப்பார்கள். வெட்டுவது ஆண்கள் வேலை. குடல் அலசுவது, இறைச்சியைக் கொத்தி உப்பும் பூண்டும் மிளகாய்ப்பொடியும் சேர்த்துத் தொட்டியில் பிசைவது, குடலில் அடைத்துச் சோரிசோவாகக் கட்டி உத்தரத்தில் தொங்கவிடுவது எல்லாம் பெண்கள் பாடு. இதில் ஒரு கண்டிப்பு உண்டு. விலக்கான பெண் அந்த இறைச்சியில் கை வைக்கக் கூடாது. வைத்தால் தொட்டி முழுவதும் கெட்டுப்போகும். அதனால் சட்டைக் கையைச் சுருட்டும் ஒவ்வொருத்தியிடமும் வீட்டுக்காரி கேட்டே ஆக வேண்டும். பதில் அடுப்படியில் இருக்கிற எல்லார் காதிலும் விழும்.

கசில்தா வீட்டில் அவளுடைய மருமகள் பெனீட்டா மூன்று வருடமாக இந்தக் கேள்விக்கு உதட்டைப் பிதுக்கிவிட்டு, மூலையில் போய் உட்கார்ந்து பூண்டு உரித்தாள். பூண்டுக்குத் தடை இல்லை. அவளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். நாத்தனார் ஒப்துலியாவுக்கு நான்கு பிள்ளைகள். போன வருடம் எல்லார் முன்னாலும் அவள் சொன்னாள்:

"பூண்டு உரிக்கறதுல எங்க மதினியை அடிச்சுக்க ஆளே கிடையாது. நல்ல பழக்கம்."

பெண்கள் சிரித்தார்கள். பெனீட்டாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். சிரிக்காவிட்டால் அதற்கும் ஒரு பேச்சு வரும். பக்கத்து வீட்டு சபீனா கைக்குழந்தையோடு தெருவில் வரும்போது பெனீட்டாவைக் கண்டால் சால்வையை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடுவாள். பிள்ளை இல்லாதவள் கண் பட்டால் குழந்தைக்கு ஆகாது என்பார்கள். அதனால் பெனீட்டா முன்கூட்டியே தலையைத் திருப்பிக்கொள்ளப் பழகியிருந்தாள்.

இந்த முறை அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. கணவன் தமியானிடம்கூடச் சொல்லவில்லை. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்காமல் கையில் தூக்கினாள். உறைந்த தெருவில் சுவரைப் பிடித்தபடி நடந்தாள். படுக்கையில் மல்லாந்து, வயிற்றின் மேல் கையை வைத்து, கடவுளிடம் எதுவும் கேட்காமல் காத்திருந்தாள்.

அறுப்பு நாள் காலையில் கசில்தா வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "தொட்டிக்கு வரலாமா நீ?"

"வரலாம் அத்தே."

ஒப்துலியாவின் கத்தி பலகையில் நின்றது. திருநாள்களைத் தெரிந்து வைத்திருப்பதுபோல அந்தப் பெண்களுக்கு பெனீட்டாவின் நாள்களும் தெரியும். கசில்தா தன் ஏப்ரனை அவிழ்த்து மருமகளுக்குக் கட்டினாள். வைக்கோல் பின்னிய நாற்காலியைத் தொட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். உப்புப் பார்க்க வறுத்த இறைச்சியின் முதல் துண்டு பெனீட்டாவின் வாய்க்குப் போயிற்று.

"வேற என்ன திங்கணும்போல இருக்கு, சொல்லு," என்றாள் கசில்தா. "கேட்டது கிடைக்கலைன்னா புள்ளை உடம்புல மச்சமா விழும்."

ஊரில் பிள்ளைபெற்ற எல்லாப் பெண்களிடமும் கேட்கப்பட்ட கேள்விதான். பெனீட்டாவை யாரும் கேட்டதில்லை. அவள் ஆரஞ்சுப்பழம் என்றாள். ஒப்துலியாவே எழுந்து தன் வீட்டுக்குப் போய் ஒன்றை எடுத்துவந்தாள். பெனீட்டாவின் கை முழங்கைவரை மிளகாய்ப்பொடிச் சிவப்பாக இருந்ததால், உரித்து ஒவ்வொரு சுளையாக ஊட்டினாள்.

மதியத்துக்கு மேல் அடிவயிறு இழுத்தது. அவளுக்குத் தெரிந்த இழுப்பு. பிறகு தொடையில் சூடாக ஈரம் இறங்கியது.

தொட்டியில் இருந்தது இரண்டு பன்றிகளின் இறைச்சி. அந்த வீட்டின் வருடச் சாப்பாடு. இறைச்சி கெட்டுப்போகும் என்பதை மற்றவர்களைப் போலவே பெனீட்டாவும் நம்பினாள். கையை எடுத்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூலையும் பூண்டும் அங்கேயே இருந்தன. வாயில் ஆரஞ்சின் ருசி இன்னும் இருந்தது. முழங்கால்களை இறுக்கிக்கொண்டு, தொட்டி தீரும்வரை பிசைந்தாள்.

கிறிஸ்துமஸ் கழிந்ததும் கசில்தாவிடம், போய்விட்டது என்றாள். கசில்தா அவளுக்குக் கோழிச்சாறு வைத்துக் கொடுத்தாள். ஊர் நீரூற்றடியில் ஒப்துலியா மட்டும் சும்மா இருக்கவில்லை.

"போறதுக்கு முதல்ல வந்திருக்கணும்ல? எங்க இறைச்சில எந்தக் கையோட புகுந்தாளோ. சோரிசோவை அறுக்கட்டும், தெரிஞ்சிடும்."

இந்தப் பேச்சு பெனீட்டாவின் காதுக்கும் வந்தது. அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் உத்தரத்தைப் பார்த்தபடி இருந்தாள். வீட்டில் யாரும் இல்லாதபோது நாற்காலியில் ஏறி ஒவ்வொரு சரத்தையும் முகர்ந்தாள், விரலால் அழுத்திப் பார்த்தாள். வெளியே எல்லாம் சரியாகத்தான் இருந்தது. உள்ளே கெட்டிருந்தால் கத்தி இறங்கும்போதுதான் தெரியும்.

தவக்காலத்துக்கு முந்திய வியாழக்கிழமை புதுச் சோரிசோ அறுப்பது எங்கள் வழக்கம். தொட்டியைச் சுற்றி நின்ற அதே பெண்கள் வந்திருந்தார்கள். சபீனா குழந்தையோடு வாசலோரம் இருந்தாள். கசில்தா கத்தியை எடுப்பதற்குள் ஒப்துலியா எடுத்துவிட்டாள். நடுச்சரத்தில், நன்றாக உள்ளே தள்ளித் தொங்கியதை இழுத்து நீளவாக்கில் பிளந்தாள்.

சிவப்பாக, இறுகலாக, ஒரே சீராக இருந்தது. முகர்ந்தாள். ஒரு துண்டை வாயில் போட்டு மெதுவாக மென்றாள். இன்னொரு சரத்தையும் அறுத்துப் பார்த்தாள். அதுவும் அப்படியே.

"அப்போ அன்னிக்கு வயித்துல நிசமாவே இருந்திருக்கு," என்றாள். சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் குரல் மாறியிருந்தது. "இல்லாட்டி இது இப்படி வந்திருக்காது."

மற்றவர்களும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். சபீனா வாசலோரத்திலிருந்து எழுந்துவந்து பெனீட்டாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழந்தையின் முகத்தை மூடவில்லை.

கறி சரியாக வந்ததற்கு என்ன அர்த்தம் என்று பெனீட்டாவுக்குத் தெரியவில்லை. ஏப்ரனுக்கு அடியில் அன்று நடந்தது அவளுக்குத் தெரியும். அதற்கு முந்திய நாள்களில், சுவரைப் பிடித்து நடந்தபோது, உள்ளே யாராவது இருந்தார்களா என்பது அவளுக்கே தெரியாது. இனிமேல் தெரியவும் போவதில்லை.

ஒப்துலியா கத்தியைக் கீழே வைத்தாள். "பேரு ஏதாச்சும் யோசிச்சு வச்சிருந்தியா மதினி?"

"தெல்ஃபினா."

ஒன்பது வருடமாக வாய்விட்டுச் சொல்லாத பெயர் அது. தெல்ஃபினா, என்று சபீனா முணுமுணுத்தாள். இன்னொருத்தியும் சொன்னாள். பெனீட்டா மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டு அழுதாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

கசில்தா அந்தப் பெயரை இன்னொரு முறை சொன்னாள். சற்று இழுத்து, முற்றத்தில் விளையாடும் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோல.