ஆணைக்குப் பின்னும் நின்ற சுவர்

வானளாவிய புகைக்கூண்டுகள் வெண்புகை எழுப்ப, சுரங்கத்தினின்று அகழ்ந்து கொட்டிய மண் மலைத்தொடரென நீண்டு கிடக்க, முதல் முறைப்பணி முடித்த தொழிலாளர் மிதிவண்டிகளிலும் பேருந்துகளிலும் திரண்டு இல்லம் மீளும் பிற்பகற்பொழுதில், நெய்வேலி நகரியத்து உரிமையியல் நீதிமன்ற வாயிலில் மலர்விழி என்பாள் உணர்வற்ற முகத்தளாய் நின்றிருந்தாள்.

அவள் கணவன் அருண்ராஜ், இருசக்கர வண்டியினின்று வீழ்ந்து முதுகெலும்பு முறிந்து, சக்கர நாற்காலியே காலாகக் கொண்டவன். முத்தாண்டிக்குப்பத்தில் அவர்தம் வீட்டிற்கிருந்த ஒரே பொதுவழியை மறித்து, சுரங்கப் பணியாளனான அவன் தமையன் குழந்தைவேல், அவ்விடம் தன் பங்கென்று சுவர் எழுப்பினான். ஒரு திங்களுக்குள் அதனை அகற்றுக என நீதிமன்றம் ஆணையிட்டது. ஆணை பெற்றால் சுவர் விழுமென்றே அவள் நம்பியிருந்தாள், அன்பீர்! தமையன் வாழும் நகரியத்துக் குடியிருப்பில் ஆணையின் நகலை நீட்டியபோது, குழந்தைவேல் கைநீட்டி வாங்கவுமில்லை.

"கோர்ட்டு சொல்லிச்சின்னா, கோர்ட்டையே வந்து இடிக்கச் சொல்லு."

திங்கள் பதினைந்து கழிந்தன. இடையே ஒருநாள் கடுங்காய்ச்சலில் பிதற்றிய கணவனை, அண்டைவீட்டு வெள்ளைச்சாமியும் அவளுமாய்ப் போர்வையிற் கிடத்தி, முந்திரித்தோப்பின் முள்வேலிக்கு மேலாகத் தூக்கிக் கடந்து மருத்துவமனை சேர்த்தனர். அன்று முள்ளிற் கிழிந்த அவள் தோளின் வடுவை அருண்ராஜ் கண்டான். அதன்பின் வெளியே செல்ல அவன் கேட்டிலன்.

அவள் வழக்கறிஞர் சத்யப்பிரியா வினவினார்: "நிறைவேற்று மனு போடலாங்க. அவர ஜெயில்ல வெக்கச் சொல்லியும் கேக்கலாம். கோர்ட்டு ஆளை வெச்சே இடிக்கவும் கேக்கலாம். எது வேணும்?"

"ஜெயிலு வேணாங்க. வழி வுட்டாப் போதும்."

அம்மனுவின்மீதே, அவள் நீதிமன்ற வாயிலில் நின்ற அந்நாளில், சுவரை இடிக்க ஆணை பிறந்தது. பத்தாம் நாள் முற்பகலில் நீதிமன்ற ஏவலரான அமீனா காவலர் துணையுடன் வந்து நிற்க, ஆட்கள் கடப்பாறை ஓங்கினர். பணியுடையோடு விரைந்து வந்த குழந்தைவேல், காவலரைக் கண்டு ஓரம் ஒதுங்கினான். புழுதி அடங்கியதும், வாயிலில் நாற்காலியிலிருந்த தம்பியை நெடுநாட்குப் பின் கண்டான்.

"இப்டியா எளச்சிப் போயிட்ட?"

மலர்விழி கணவன்பாற் குனிந்து, "ரோட்டு வரைக்கும் போலாமா?" என்றாள்.

"வேணாம். தூசா இருக்குது. உள்ள தள்ளு."

மகிழ்வோ சினமோ எழாத நெஞ்சினளாய், அவள் நாற்காலியைத் திருப்பினாள். நீதி பிந்தியேனும் வந்தது. ஆயின் அதனை எதிர்கொள்ள அவ்வில்லத்தில் எஞ்சியிருந்தது களைப்பு ஒன்றே.