காயாத சுவர்

என் கணவர் வெர்னுக்கு நுரையீரலில் புற்று என்று தெரிந்தபோது மொன்டானாவில் இலையுதிர் காலம் முடியும் தறுவாய். அவர் கேட்டது ஒன்றுதான்: முதுகைச் சாய்க்க வெதுவெதுப்பான ஓர் இடம்.

அவருடைய தம்பி கார்வின், கொஞ்ச விறகிலேயே சீறி எரியும் ராக்கெட் அடுப்பு கட்டுகிறவன். "இரும்பு அடுப்புல தீ அணைஞ்சா சூடும் போச்சு. நான் கட்டுறது ராவெல்லாம் கணகணன்னு இருக்கும்," என்றான். வீட்டில் புகைபோக்கி ஒன்றே ஒன்று. அதனால் பழைய இரும்பு அடுப்பைக் கழற்றி யாருக்கோ கொடுத்துவிட்டான்.

"இது தயாராகற வரைக்கும் அது இருக்கட்டுமே, கார்வின்."

"டெல்லா, நீ ரொட்டி சுடு. அடுப்ப நான் பாத்துக்கறேன்."

அடுப்பை ஒட்டிச் செங்கல்லும் களிமண் சாந்துமாக உள்ளே கூடாக, பெரிய பெட்டி போல ஒன்றை எழுப்பி, அதன் சுவரோரம் ஒரு பெஞ்சும் போட்டான். சூடான புகை கூட்டின் உச்சியில் தேங்கி, சுவருக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு, ஆறியபின் அடித்துளை வழியே வெளியேறும். இரட்டைச் சுவர், அதற்கு மேல் கனத்த மண்பூச்சு. இவ்வளவு வேண்டாம் என்றார் வெர்ன்.

"சொந்த அண்ணனுக்குப் போய்க் கஞ்சத்தனம் பண்ணுவேனா?"

முடிப்பதற்குள் பனி விழுந்துவிட்டது. பெரிய தீ போட்டால் ஈரச்சுவர் வெடிக்கும், சின்னச் சின்னதாகத்தான் மூட்ட வேண்டும் என்பது கார்வினின் கண்டிப்பு. அந்தச் சூடும் மண்ணிலிருந்த தண்ணீரை விரட்டவே போயிற்று. ஜன்னல்களில் ஆவி வழிந்து உறைந்தது. மின்கம்பி எட்டாத வீடு; சூரியத் தகட்டு மின்சாரம் விளக்குகளுக்கே போதவில்லை. வெர்ன் ஆட்டுத்தோல் கோட்டோடு அந்தச் சில்லிட்ட சுவரில் சாய்ந்திருப்பார்.

"முதல்ல இது காயுதா, நான் போறேனான்னு பந்தயம் வைப்போமா?"

"பேசாம சூப்பக் குடி, வெர்ன்."

"காசை என்மேல கட்டு. செவுத்துக்கு அவசரமே இல்ல."

கார்வினிடம் இரும்பு அடுப்பைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னேன். "இன்னும் ஒரு வாரம் பொறு," என்றான். ஒவ்வொரு வாரமும் அதையே சொன்னான்.

ஜனவரியில் வெர்ன் போனார். கடைசிவரை அவர் கால்கள் சூடேறவில்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். விறைத்த கைகளோடு வந்த பக்கத்துப் பண்ணைக்காரர் சுவரில் சாய்ந்தார். "அடேயப்பா, என்ன சுகம்," என்று மனைவியையும் கூப்பிட்டார். தட்டுகளோடு ஒவ்வொருவராக அங்கே நகர்ந்தார்கள். எனக்கும் பெஞ்சில் இடம் விட்டார்கள். நான் உட்காரவில்லை.

கார்வின் பூச்சைத் தடவிப் பார்த்தான். "இப்பத்தான் காஞ்சிருக்கு," என்றான். அந்தக் குரலில் இருந்த திருப்தி அவனுக்கே தெரிந்திருக்காது.

"நம்ம வீட்டுக்கும் ஒன்னு கட்டிக் குடுப்பியா?" என்று பண்ணைக்காரர் கேட்டார்.

கார்வின் என் பக்கம் திரும்பாமல், "கோடையில வர்றேன்," என்றான்.