எங்கள் சுவரில் ஒரு துளை

ட்ரில்லைக் கையில் எடுத்தேன். நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக ஒரு சுவரில் துளை போடப் போகிறேன்.

சுவர் என்று சொன்னால் சிரிப்பார்கள். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும், பதின்மூன்று அடி நீளமான பழைய காம்பிங் ட்ரெயிலர் ஒன்றின் பக்கம்தான் அது. நானும் என் கணவர் கிருபனும் வைகாசியில் வாங்கினோம். மல்வேர்னில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் அதை நிறுத்த அனுமதியில்லை. அதனால் வோபர்னில், எங்கள் நண்பர் றெமிஜியஸ் அண்ணையின் வீட்டு வாசலில் நின்றது. மறுநாள் காலை எங்கள் முதற்பயணம். அதற்குள், படம் பார்க்க இருபத்துநாலு அங்குல ரீவியை உள்சுவரில் பொருத்திவிட வேண்டும்.

"ஆணி அடிக்கக்கூடாது." இந்த நாட்டுக்கு வந்த இருபத்தொரு வருடங்களில் ஐந்து வீடுகள் மாறியிருக்கிறோம். முதலில் இருந்த நிலக்கீழ் பேஸ்மென்ற்றிலிருந்து இன்றைய வீடுவரை வீட்டுக்காரர்கள் எல்லோரும் சாவியோடு சேர்த்துத் தந்த வசனம் இதுதான். சாமிப் படங்களை அலுமாரிமேல் சாய்த்து வைத்தோம். மகளின் உயரத்தைக் கதவோரம் குறித்துவிட்டு, வீடு மாறும்போது நானே ஈரத்துணியால் தேய்த்து அழித்தேன். அப்போது எனக்குக் கவலைகூட வரவில்லை என்பதுதான் இப்போது உறுத்துகிறது. சுவர்களைத் தொடாமல் வாழ்வது ஒரு நல்ல குணம் என்றே நம்பத் தொடங்கியிருந்தேன்.

அதனால் ரீவியைவிட எனக்குத் துளைதான் முக்கியம். அதை நான்தான் போடவேண்டும். வெளியில் சொல்ல வெட்கமாக இருந்தது.

கிருபன் ஒரு பையோடு உள்ளே ஏறினார். ட்ரெயிலர் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

"இஞ்சேரும், உதொண்டும் வேண்டாம். ஒட்டுற கொளுக்கி வாங்கியந்திருக்கிறன். பிறகு கழட்டினாலும் அடையாளம் இருக்காது."

"அடையாளம் இருந்தா என்னப்பா?"

அவர் பையைக் கட்டிலில் வைத்தார்.

"ரோட்டில குலுங்கேக்க ரீவி விழுந்து உடைஞ்சிடும்," என்றேன்.

"நான் முன்னுக்குக் காரை மெதுவாத்தானே ஓடுவன்."

"முன்னுக்கு இருந்தா விழுந்ததுகூட உங்களுக்குத் தெரியாது."

சுவரைத் தட்டிப் பார்த்தேன். எங்கும் உள்ளே வெறுமையாக, பொள்ளலான சத்தம். கட்டிலின் கால்பக்கத்தில் மட்டும் சத்தம் அடைத்துக்கொண்டது. உள்ளே மரச்சட்டம் இருக்கிறது. ரீவியைத் தாங்கும் இரும்புக் கையை வைத்து நாலு புள்ளிகள் குறித்தேன்.

ட்ரில் அலறியது. மரத்தூள் மணத்தது. நடுக்கம் முழங்கைவரை ஏறியது. பயமென்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தேன். இன்னும் அழுத்தினேன். திடீரென்று எதிர்ப்பே இல்லாமற் போனது.

ட்ரில்லை வெளியே இழுத்தேன். துளைக்குள்ளிருந்து வெயில் வந்தது. மெல்லிய ஒரு கோடாக வந்து கிருபனின் சேர்ட்டில் புள்ளியாக நின்றது.

"ஐயோ, அங்கால போயிட்டுது!" என்றார் கிருபன். "இப்ப ஓனருக்கு என்ன சொல்லுறது?"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர் முகம் வெளுத்திருந்தது.

"எந்த ஓனருக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். துளையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, தன் சேர்ட்டில் நின்ற வெளிச்சத்தைப் பார்த்தார்.

"நான்தான் ஓனர். சொல்லுங்கோ, கேக்கிறன்," என்றேன்.

"மிஸ், உங்கட சுவரில ஓட்டை விழுந்திட்டுது."

"பரவாயில்லை. இன்னும் மூண்டு இருக்கு."

கட்டிலில் விழுந்து சிரித்தோம். வெளியிலிருந்து யாரோ தகரத்தில் தட்டினார்கள்.

"பிள்ளை துர்க்கா, உன்ர ட்ரில் என்ர ரோசாச் செடிக்குக் கண்ணடிச்சுது!"

றெமிஜியஸ் அண்ணை. ட்ரில் அவருடையதுதான். உள்ளே எட்டிப் பார்த்துத் தலையில் கைவைத்தார்.

"ட்ரில்லில கிடக்கிறது வீட்டுச் சுவருக்குப் போடுற நீளக் கம்பியெல்லோ! உந்தச் சுவர் ரெண்டு விரல் தடிப்புக்கூட இல்லை." கட்டையான கம்பி ஒன்றைப் பூட்டி, அதன் நடுவில் சிவப்பு ஒட்டு ரேப் சுற்றித் தந்தார். "ரேப் சுவரில முட்டினவுடன நிப்பாட்டு. முதல் ஓட்டைக்கு வெளியால பசை பூசிவிடுறன், மழைத்தண்ணி வராது."

இரண்டாவது துளை. மூன்றாவது. ரேப் முட்டியதும் நிறுத்தினேன். நாலாவது புள்ளிக்கு வந்தபோது கிருபனின் மூச்சு என் தோளில் பட்டது. அவரும் இருபத்தொரு வருடங்களாக அதே வீடுகளில்தான் இருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ட்ரில்லை நீட்டினேன்.

"நானோ?" என்று கேட்டார். வாங்கிக்கொண்டார். யாரும் வருகிறார்களா என்பதுபோல ஒருமுறை கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு அழுத்தினார்.

இரும்புக் கையைப் பூட்டி ரீவியை மாட்டினோம். இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. போட்டதும் படம் வந்தது. யாரோ ஏதோ செய்தி வாசித்தார்கள். நான் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

கிருபன் ட்ரில்லை இன்னும் கீழே வைக்கவில்லை.

"துர்க்கா, ஈரத் துவாய் கொழுவ ஒரு இடம் வேணுமெல்லோ?"

"ஓமப்பா."

"தொப்பிக்கு?"

"அதுக்கும்தான்."

நான் சொல்லி முடிக்குமுன்பே அவர் மற்றப் பக்கச் சுவரைத் தட்டத் தொடங்கியிருந்தார்.