மூன்றாம் தகவலாளியை நீக்கவும்

1

இந்தக் கதை சிவப்பு மையில் பிறந்தது. என் பட்ட ஆய்வேட்டின் நான்காம் இயல், நாற்பத்தேழாம் பக்கத்தின் ஓரத்தில் என் வழிகாட்டி பாக் சுகெங் எழுதியிருந்தார்: "மூன்றாம் தகவலாளி நம்பும்படி இல்லை. நீக்கவும்."

இதை வைத்து ஒரு கதை பண்ணலாமே என்று உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது: 'யோக்யகார்த்தாவில் அன்று மழை ஓயாமல்'

[அன்று மழையே இல்லை. மண்டையைப் பிளக்கும் வெயில். மழை போட்டால் இலக்கியம் மாதிரி இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.]

இரண்டாவது முயற்சி: 'ஆய்வாளர் மிகுந்த மனவேதனையுடன் படியிறங்கி'

[இதுவும் வேண்டாம். எங்கள் துறையில் ஆய்வேட்டுக்குள் 'நான்' என்று எழுதக் கூடாது, 'ஆய்வாளர்' என்றுதான் எழுத வேண்டும். ஏழு முறை திருத்தியதில் அது எனக்குத் தொற்றிக்கொண்டது. கடையில் போய் 'ஆய்வாளருக்கு ஒரு ஐஸ் டீ' என்று கேட்காமல் இருந்தது என் அதிர்ஷ்டம்.]

2

தலைப்பு, 'வாகன நிறுத்தப் பணியாளர்களின் பேச்சு வழக்கு'. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தேர்ந்தெடுத்த காரணம் சோம்பல். மற்றவர்கள் தகவல் சேகரிக்க மலைக்கிராமம் வரை போனார்கள். எனக்குக் கல்லூரி வாசல் போதும்.

நான் பேட்டி எடுத்த தகவலாளிகள் மொத்தம் ஆறு பேர். உங்களிடம் மட்டும் சொல்கிறேன்: முதலாமவரிடம் நான் பேசியது நான்கே நிமிடம், மீதி என் கைவண்ணம். ஐந்தாமவர் சொன்னதில் பாதி என் கற்பனை. இரண்டுக்கும் பாக் சுகெங் சரி போட்டிருந்தார். ஐந்தாமவருக்குப் பக்கத்தில் 'அருமை' என்று வேறு.

மூன்றாமவர் பேச்சில் மட்டும் ஓர் எழுத்துகூட என்னுடையதில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஓட்டுறவருக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தெரியாது. எனக்கு அவரு மூஞ்சி தெரியாது. நடுவுல என் குரல் மட்டும்தான் இருக்கு. அதை நம்பித்தான் வர்றாரு."

என் முடிவுரை முழுக்க இந்த நாலு வரியின் தலையில்தான் உட்கார்ந்திருந்தது.

3

ஒரு குறிப்பு. எங்கள் யோக்யகார்த்தாப் பேச்சில் ஐயாவுக்கும் அப்பாவுக்கும் 'பாக்' என்று ஒரே சொல். பேராசிரியரும் பாக், வாசலில் வண்டி ஒதுக்குகிறவரும் பாக், பெற்றவரும் பாக். இந்த ஒரு சொல்லுக்குள் நான் நான்கு வருடம் ஒளிந்திருந்தேன்.

வாசலில் அவரை நான் 'பாக்' என்று கூப்பிட்டால், எவ்வளவு மரியாதையான பெண் என்று தோழிகள் நினைத்துக்கொள்வார்கள். அவரும் என்னைக் காட்டிக்கொடுத்ததில்லை. "வண்டிய இந்தப் பக்கம் விடுங்க" என்று எனக்குப் பன்மை கொடுப்பார். வீட்டில் அதே வாய், "பொரிச்ச தெம்பே ஆறிப்போச்சு, வந்து தின்னு ராஸ்!" என்று, லாரஸ் என்ற என் பெயரைப் பாதியாக்கிக் கத்தும். வெயிலில் சீட்டு சுடாமலிருக்க எல்லா வண்டி மேலும் அட்டை போடுவார். என் வண்டிக்கு மட்டும் கிழியாத அட்டை.

தமிழில் சொல்லும்போதுதான் மாட்டிக்கொள்கிறேன். உங்களிடம் இரண்டு சொல் இருக்கிறது, ஒளிய இடமில்லை. ஆமாம், மூன்றாம் தகவலாளி என் அப்பா. பெயர் தூகிமான். இதைக் கடைசிவரை மறைத்து உங்களை அசத்துவதாகத் திட்டம் இருந்தது. எனக்கே பொறுக்கவில்லை.

ஏன் மறைத்தாய் என்று கேட்பீர்கள். வெட்கம். அதைவிட அழகான காரணம் ஒன்றைத் தேடினேன், கிடைக்கவில்லை.

4

பாக் சுகெங்கின் அறை.

"பார்க்கிங் ஆளுங்க இப்படியா பேசுவாங்க, லாரஸ்? இது நீங்க எழுதுன வசனம்."

"இல்ல பாக், அவரு சொன்னதுதான்."

"அப்ப ஆளைக் கூட்டிட்டு வாங்க. இல்லாட்டி எடுத்துடுங்க. நாளைக்கு வெள்ளிக்கிழமை. வாய்மொழித் தேர்வுக்குப் பதிவு நாளையோட முடியுது, தெரியும்ல?"

"தெரியும் பாக்."

"எங்கதான் இருக்காரு அந்த ஆளு?"

அவர் தோளுக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே அப்பா ஒரு ஸ்கூட்டரை இடுப்பால் முட்டி நகர்த்திக்கொண்டிருந்தார்.

"ரொம்ப தூரம் பாக்."

[ஆய்வாளர் பொய் சொன்னார்.]

5

கீழே போய், தோழிகள் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, அப்பாவிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். சிவப்பு வரியைக் கண்ணைச் சுருக்கிப் படித்தார்.

"மூணாவது ஆளுன்னா நான்தானே?"

"ம்."

"புத்தகத்துல பேருதான் வராதுன்னு சொன்ன. இப்ப நம்பரும் போச்சா?"

சிவப்பு வரியை மறுபடி ஒருமுறை படித்தார்.

"நான் நம்பும்படியா இல்லையாமா?" சிரித்துவிட்டார். "தெனமும் அவரு காரை யாரு பின்னாடி எடுத்து விடுறா? அப்ப மட்டும் கண்ண மூடிட்டு நம்புறாரு!" பிறகு பக்கத்தைக் கவனமாக மடித்துக் கொடுத்தார். "எடுத்துடு ராஸ். பட்டம் வாங்குறதுதான் முக்கியம். நான் எங்க போயிடப்போறேன், இங்கதான் நிப்பேன்."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

6

முடிவு ஒன்று: மூன்றாமவரை நீக்கினேன், நான்காமவர் மூன்றாமவர் ஆனார், தேறினேன். [நடக்கக்கூடியதுதான். அதனால்தான் பயமாக இருக்கிறது.]

முடிவு இரண்டு: எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன், பாக் சுகெங் கண்கலங்கி [அவர் அந்த ரகம் இல்லை. இது முதல் வரியில் போட்ட மழை மாதிரி.]

நடந்தது வரைக்கும் சொல்லிவிடுகிறேன். அப்பா பக்கத்தை மடித்துக் கொடுத்த அந்த நேரத்தில் பாக் சுகெங் இறங்கி வந்தார். என்னைப் பார்க்காமல் காரில் ஏறினார். அப்பா பின்னால் போய் நின்று கையைத் தூக்கினார்.

"வரட்டும்... வரட்டும்... கொஞ்சம் இடது ஒடிங்க... வரட்டும்..."

நான் கத்தினேன்: "பாக்!"

கார் நின்றது. பாக் சுகெங் தலையை வெளியே நீட்டினார். அப்பாவும் திரும்பினார். ஆனால் ஒரு நொடிதான். கல்லூரிக்குள் அந்தச் சொல் தனக்கில்லை என்று நான்கு வருடம் பழகியவர், மறுபடியும் காரின் பின்பக்கத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

இதற்கு மேல் எங்கள் சொல் போதவில்லை, உங்களுடையது வேண்டும். ஐயா, அப்பா, இரண்டில் ஒன்றை நீங்களே எழுதிவிடுங்கள். கொஞ்சம் சீக்கிரம். கார் பாதியில் நிற்கிறது, பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள், அவர் தூக்கிய கையை இன்னும் இறக்கவில்லை.

"…………, இங்க பாருங்க."