ஆளுக்கொரு ஞாயிறு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது நாவற்குடா முழுக்கத் தெரிந்த விஷயம். அதை மாகாணம் முழுக்கத் தெரியவைத்தவள் ஸஹீதா. அவளைப் பற்றிச் சொல்வதற்கு முதல் ஆற்றில் ஓடும் எங்கள் போட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

போட்டைக் கட்டியவர் என் கணவர் டஸ்டின். பறங்கி வீட்டுப் பிள்ளை. கையில் ஒரு ஸ்பனரும் கொஞ்சம் பலகையும் கிடைத்தால் சாப்பாட்டையும் மறந்துவிடுவார். கட்டாரில் பல வருஷம் மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்து, எங்கள் வீட்டு வளவுக்குள்ளேயே வைத்து அதைக் கட்டி முடித்தார். பன்னிரண்டு பேர் இருக்கலாம். நடுவில் நீட்டு மேசை, மேலே கூரை. ஆட்களை ஏற்றிக்கொண்டு ஆற்றுக்குள் போவது, நடுவில் நிறுத்துவது, நான் சமைத்த பகல் சாப்பாட்டை அந்த மேசையில் பரிமாறுவது, இதுதான் எங்கள் வியாபாரம். ஊரில் பாராட்டாதவர்கள் இல்லை. ஏறத்தான் ஆட்கள் இல்லை.

அந்த நேரம் பார்த்துக் கட்டார் கம்பனி திரும்பக் கூப்பிட்டது. பழைய இடம், முன்னையதைவிடப் பெரிய பதவி. ஆகஸ்ட் முடிவதற்குள் பதில் சொல்லவேண்டும். டஸ்டின் சத்தம் போட்டுக் கதைக்கிற மனிதர் இல்லை. சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து மெதுவாகச் சொன்னார்.

"போட் ஆக்களால நிறைஞ்சா நான் நிக்கிறன், நிலானி. வெறும் போட்டக் காவல் காத்துக்கொண்டு இரிக்க ஏலாது. போகத்தான் வேணும்."

எனக்கு அவர் போகக்கூடாது. வேறு ஒரு நியாயமும் என்னிடம் இல்லை. கல்யாணம் கட்டிய காலத்தில் பாதியை போனுக்குள் வாழ்ந்து முடித்தாயிற்று. வீடியோவில் வரும்போது போனை நெற்றிக்கு நேரே பிடிப்பார். எத்தனையோ வருஷம் நான் கண்டது அவருடைய நெற்றியைத்தான். இனிமேலும் ஒரு நெற்றியோடு குடித்தனம் நடத்த எனக்குப் பொறுமை கிடையாது.

ஆகவே ஏஜென்சி பிடிப்பது என்று முடிவெடுத்தேன். பேஸ்புக், டிக்டொக், இன்ஸ்டா எல்லாவற்றிலும் எங்கள் போட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஏஜென்சி. விசாரித்துப் பார்த்ததில் இரண்டு தேறின. ஒருவரோடு மட்டும்தான் வருஷ ஒப்பந்தம் போடுகிற வசதி எங்களுக்கு. பிழையான ஆளைப் பிடித்தால் டஸ்டின் விமானம் ஏறிவிடுவார். பொண்ணு பார்க்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு யோசித்திருக்கமாட்டார்கள்.

முதலாவது கொழும்பு ஏஜென்சி. சூம் வீடியோவில் வந்தார்கள். கண்ணாடி அறைக்குள் கறுப்பு டீசேர்ட் போட்ட ஒருவர், அவருக்குப் பின்னால் உயிருள்ளதா பிளாஸ்டிக்கா என்று தெரியாத ஒரு செடி. ஸ்லைட் மேல் ஸ்லைடாக ஓடியது. ஒன்றில் 'உங்கள் வாடிக்கையாளர்' என்று போட்டு ஒரு படம்: அப்பா, அம்மா, ஒரு மகன், ஒரு மகள், நாலு பேருக்கும் பல் பளிச்சென்று. ஒரு குடும்பம் நாலு சீட், மூன்று குடும்பம் பிடித்தால் போட் நிறைந்தது என்று அவர் விளக்கினார். அந்தக் கணக்கு எனக்கு அப்படிப் பிடித்துப்போயிற்று. மூன்றே மூன்று குடும்பம். எட்டாத காரியமா அது?

இரண்டாவது ஸஹீதா. பல்கலைக்கழகத்தில் சந்தைப்படுத்தல் படித்துவிட்டு, காத்தான்குடியில் ஒரு போன் கடைக்கு மேல்மாடியில் ஏஜென்சி நடத்துகிறவள். ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். ஸ்லைட் இல்லை, செடி இல்லை. வந்த கையோடு, போன் எடுத்து விசாரித்துவிட்டு வராமல் போனவர்கள் யார் யார் என்று கேட்டாள். வராதவர்களைப் பற்றிக் கதைத்து என்ன கண்டோம் என்றேன். அவர்கள்தானே இனி வரவேண்டியவர்கள் என்றாள். யோசித்துப் பார்த்துச் சொன்னேன்: அநேகம் பேர் தங்கள் சாப்பாட்டைத் தாங்களே கொண்டு வரலாமா என்று கேட்டார்கள், எனக்குக் கோபம் வந்து போனை வைத்துவிட்டேன். ஸஹீதா சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

இரண்டு பேரில் யார் என்று எனக்குப் பிடிபடவில்லை. கொழும்புக்காரரைப் பார்த்தால் நம்பிக்கை வந்தது. ஸஹீதாவைப் பார்த்தால் பயம் வந்தது, என்னை முழுக்கப் படித்துவிட்டாளோ என்று. கடைசியில் இரண்டு பேரிடமும் ஒரே பேச்சுத்தான் பேசினேன். ஆளுக்கொரு ஞாயிறு தருகிறேன், போட்டை நிறைக்கிறவருக்கு வருஷ ஒப்பந்தம்.

கொழும்பு ஞாயிறு முதலில் வந்தது. வான் பிடித்து வந்து, ட்ரோனை மேலே விட்டு, இரண்டு நாள் எடுத்தார்கள். வீடியோ வெளியானபோது நான் அழுதேவிட்டேன். விடியற்காலை வெளிச்சத்தில் எங்கள் ஆறு அப்படி மின்னியது. புல்லாங்குழல் இசை, தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண், தூரத்தில் டஸ்டினின் போட். லைக் ஆயிரக்கணக்கில் ஏறியது. நீர்கொழும்பிலிருந்து, சென்னையிலிருந்து, நோர்வேயிலிருந்தெல்லாம் இதயம் இதயமாகப் போட்டார்கள். அடுப்பில் கறியை வைத்துவிட்டு லைக் எண்ணியதில் கறி இரண்டு தரம் அடிப்பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது ஒரே ஒரு சோடி. கல்குடாவில் ஹோட்டலில் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர்கள். வீடியோ பார்த்தா வந்தீர்கள் என்று ஆசையோடு கேட்டேன். என்ன வீடியோ என்று திருப்பிக் கேட்டார்கள். பிரதான வீதியில் டஸ்டின் தன் கையால் எழுதி நட்ட பலகையைப் பார்த்து வந்தவர்களாம். அவர் அந்த இரண்டு பேரையும் ராசா வீட்டு ஆட்களைக் கொண்டுபோவதுபோல் கொண்டுபோய்க் கொண்டுவந்தார். வீட்டுக்கு வந்ததும் அலுமாரியைத் திறந்து பாஸ்போட்டை எடுத்து, எந்த வருஷம் முடிகிறது என்று பார்த்தார்.

திங்கட்கிழமை கொழும்புக்காரர் சூமில் சிரித்த முகத்தோடு வந்தார். வீடியோ லட்சம் பேரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்றார். அந்த லட்சம் பேரும் எந்தக் கரையில் இறங்கினார்கள் என்று கேட்டேன். முதலில் பெயர் பரவவேண்டும், ஆட்கள் பிறகு வருவார்கள் என்று பொறுமையாகச் சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை. எங்களுக்கிருந்தது ஒரு ஞாயிறு மட்டும்தான்.

ஸஹீதா ட்ரோன் கொண்டுவரவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் ஒரு ஓரமாக நின்றாள். அன்றைக்கென்று டஸ்டின், கொதிக்கக் கொதிக்க இறக்கிய நண்டுக் கறிச் சட்டியைத் தூக்கிப் புது லைஃப் ஜக்கெட்டுகளின் மேல் வைத்துவிட்டார். நான் ஏசத் தொடங்கினேன். என்ன சொன்னேன் என்பது எனக்கே சரியாக ஞாபகமில்லை. அவருடைய பரம்பரையில் இரண்டு மூன்று தலைமுறையை இழுத்தேன் என்பது மட்டும் தெரியும். அவர் மூச்சுக் காட்டாமல் போட்டில் ஏறி, இயந்திரத்தை இழுத்து, ஆற்றுக்குள் போய்விட்டார். கரையில் தனியே நின்று ஏசிக்கொண்டிருப்பது எனக்கே உறைக்க, சிரித்துவிட்டேன்.

பின்னேரம் அது பேஸ்புக்கில் வந்தது. ஒரு வெட்டும் இல்லை, இசையும் இல்லை. மேலே ஸஹீதா எழுதியிருந்தாள்: 'வீட்டில ஏச்சு வாங்குற எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை ஆத்துக்கு வாங்க. குடும்பத்தோட வாங்க, உங்கட சட்டி பானையோட வாங்க.'

அவளுக்குப் போன் எடுத்துக் கிழித்தேன். உடனே அதைத் தூக்கச் சொன்னேன். கதைத்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு அழைப்பு வந்துகொண்டிருந்தது. அதை எடுத்தால் ஒரு வயதான குரல்: "ஏசுற புள்ள நீங்கதானா?" அக்கரைப் பக்கத்துக் கந்தப்போடியார். வயல் வட்டையில் வெள்ளாமை வெட்டி முடித்த கையோடு குடும்பமாக வர நினைக்கிறார்களாம். வாங்க, குடும்பமாகவே வாங்க என்றேன். அடுத்தது பனிச்சங்கேணியிலிருந்து திரேசம்மா, பூசை முடிந்ததும் குடும்பத்தோடு வருகிறோம் என்றார். மூன்றாவது, ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த ஒரு ஆசிரியர் குடும்பம். மூன்று குடும்பம்! அன்றிரவு வரை போன் ஓயவேயில்லை. போட் நிறைந்துவிட்டது என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. அந்த வலி எவ்வளவு இனித்தது என்பதைச் சொல்ல எனக்குத் தெரியாது. டஸ்டினிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். ஏறட்டும் பார்ப்போம் என்றார்.

ஞாயிறு காலை பன்னிரண்டு பேருக்கு அளந்து சமைத்தேன். மேசைக்கு வெள்ளைத் துணி விரித்தேன். ஸஹீதாவும் வந்து நின்றாள். அப்போதுதான் வீதி முனையில் ட்ரக்டர் சத்தம் கேட்டது.

ட்ரக்டர் பெட்டி நிறைய ஆட்கள். கந்தப்போடியாரின் மகன்மார், மகள்மார், மருமக்கள், சம்பந்தி வீடு, அந்தச் சம்பந்திக்குச் சம்பந்தி. இரண்டு சமையல் கிடாரம், ஒரு மூட்டை விறகு, கால் கட்டிய கோழிகள். அவர்கள் இறங்கி முடிவதற்குள் பனிச்சங்கேணி பஸ் வந்து நின்றது. திரேசம்மா முன்கதவால் இறங்கினார். அவருக்குப் பின்னால் இறங்கியவர்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஒரு ரபான் மேளமும் இறங்கியது. ஆசிரியர் வீட்டார் மட்டும் ஸ்லைடில் வந்ததுபோலவே நாலு பேர். மரத்தடியில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

என் சொந்தத் தாய்மாமன் வீட்டாரே எங்கேயும் போவதென்றால் ஒரு முழு பஸ் பிடிக்காமல் போனதில்லை. பிறந்ததிலிருந்து அதைப் பார்த்தவள், கண்ணாடி அறைக்காரர் காட்டிய படத்தை நம்பி, குடும்பம் என்றால் நாலு பேர் என்று எழுதாத குறையாக நினைத்திருக்கிறேன். இந்தச் சனத்தைத் திருப்பி அனுப்பினால் நாளைக்கு ஊரெல்லாம் எங்கள் பெயர் நாறும். பாஸ்போட் அலுமாரிக்குள் காத்துக்கொண்டிருக்கிறது. வந்த பயத்தைக் கோபமாக்கிக்கொண்டு கந்தப்போடியாரிடம் போய், இதென்ன ஐயா இது என்று கேட்டேன்.

"ஏன் புள்ள கோவிக்கிறீங்க? குடும்பமா வாங்க எண்டு நீங்கதானே சொன்னீங்க. இது குடும்பந்தான். மாடு பார்க்கிற மருமகன் மட்டும்தான் வரல்ல."

ஸஹீதாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது. எத்தனை பேர் என்று போடாதது தன் பிழை, ஒப்பந்தம் வேண்டாம் அக்கா, தானே எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன் என்றாள். நான் டஸ்டினைத் திரும்பிப் பார்த்தேன். அவர் போட்டுக்குள் முழங்காலில் நின்று மேசையின் ஆணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். என் வெள்ளைத் துணி ஒரு பக்கம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. கந்தப்போடியாரின் இரண்டு மகன்மாரைக் கைகாட்டிக் கூப்பிட்டு, மேசையைத் தூக்கிக் கரையில் மர நிழலில் போடச் சொன்னார். பெண்கள் அதிலேயே வெங்காயம் வெட்டத் தொடங்கிவிட்டார்கள். பிறகு எழும்பி நின்று, அந்த வாய் திறக்காத மனிதர், நான் ஒருநாளும் கேட்டிராத சத்தத்தில் கத்தினார்.

"பன்னிரண்டு பன்னிரண்டாப் போவம்! ஜக்கெட் போடாத ஆக்கள ஏத்தமாட்டன். மத்தாக்கள் சமைங்க, வந்து சாப்பிடுவம்!"

அன்று எங்கள் போட் கரையில் நிற்கவேயில்லை. ஒரு தொகுதி இறங்க அடுத்தது ஏறியது. போனவர்கள் திரும்பி வந்து, இன்னொரு முறை போவதற்கு வரிசையின் பின்னால் போய் நின்றார்கள். அறுபது வருஷம் அந்த ஆற்றைக் கடந்து கடந்து வாழ்ந்த கந்தப்போடியார், ஒரு வேலையும் இல்லாமல் அதில் போனது இன்றைக்குத்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். திரேசம்மா என்னை ஒருக்கால் ஏசிக் காட்டச் சொன்னார். ஏசினேன், பஸ் ஆட்கள் கைதட்டினார்கள். பன்னிரண்டு பேருக்கு நான் சமைத்தது ருசி பார்க்கவே போதவில்லை. ஆசிரியர் வீட்டார் யாருடைய கிடாரத்தில் சாப்பிடுகிறோம் என்று தெரியாமலே இரண்டு தரம் சாப்பிட்டார்கள். ரபானில் பைலாப் பாட்டுக் கிளம்பியபோது டஸ்டின் போட்டின் பின்பக்கத்தில் நின்றபடியே தோளை ஆட்டினார். எங்கள் கல்யாண வீட்டில் ஆடினதற்குப் பிறகு அவர் ஆடி நான் கண்டதில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நெஞ்சு அடித்த அடியில் ரபான் தோற்றது.

பின்னேரம் போகும்போது இரண்டு வீட்டாரும் அடுத்த ஞாயிறுகளுக்குத் தங்கள் ஆட்களைச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். மறுகா வரும்போது மாடு பார்க்கிற அந்த மருமகனையும் கூட்டி வருவதாகக் கந்தப்போடியார் சத்தியம் பண்ணினார்.

ஆட்கள் போய்க் கரை வெளித்த பிறகு ஸஹீதாவைக் கூப்பிட்டேன். வருஷ ஒப்பந்தம் உனக்குத்தான் என்றேன். நீ போட்டை நிறைக்கவில்லை, கரையை நிறைத்தாய் என்று ஒரு ஏச்சும் சேர்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உடனேயே வேலையில் இறங்கிவிட்டாள். பேஸ்புக் பக்கத்தில் ஒரே ஒரு தொலைபேசி இலக்கம்தான் போடவேண்டும், பதாகையிலும் வீடியோவிலும் அதுவேதான் வரும், வருஷம் முழுக்க அதை மாற்றக்கூடாது, எந்த நேரமும் இங்கே இருக்கிற ஆளுடைய இலக்கமாக இருக்கவேண்டும் என்றாள். நான் வாயைத் திறந்து என்னுடையதைச் சொல்லத் தொடங்கினேன்.

டஸ்டின் தண்ணீருக்குள் முழங்காலளவில் நின்று போட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவுவதை நிறுத்தவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

"ஸஹீதா, என்ட நம்பரப் போடுங்க," என்றார்.

ஸஹீதா என்னைப் பார்த்தாள். கழுவ வேண்டிய சட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு, செருப்போடேயே ஆற்றுக்குள் இறங்கி, அவர் பக்கத்தில் போய் நின்றேன்.