தறி நின்ற தெருவில் நாற்காலிகள்

ஆந்திர எல்லை ஊரான நகரியில் அந்தத் தெருவுக்குப் புதிதாக வருகிறவர்கள், வீட்டுக்கு வீடு சண்டை நடக்கிறது என்றுதான் முதலில் நினைப்பார்கள். சண்டை எதுவும் இல்லை. விடிந்தது முதல் பவர்லூம் தறிகள் தடதடத்துக்கொண்டே இருக்கும் இடத்தில், காபி ஆறிப்போகிறது என்பதைக்கூடத் தொண்டை கிழியத்தான் சொல்லியாக வேண்டும். சொல்லிச் சொல்லி, தெருவுக்கே குரல் அப்படி அமைந்துவிட்டது.

அந்தத் தெருவில் தறிகள் நின்று ஒரு வாரமாகியிருந்தது.

தசரா விடுமுறைக்குத் திருப்பதியிலிருந்து வந்திறங்கிய யமுனாவுக்குப் பிறந்த வீடே வேறு யாருடைய வீடோ போலிருந்தது. மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. மூன்றாவது வீட்டில் தோசை திருப்புவது கேட்டது. அவளுடைய அப்பா அண்ணாதுரைதான் தெருவிலேயே பெரிய தறிக்கூடத்துக்கு முதலாளி. கூலியை உயர்த்தச் சொல்லித் தொழிலாளர்கள் கேட்டார்கள், இவர் முடியாது என்றார், தறி நின்றுவிட்டது. இன்று காலை அவர்களை வீட்டுக்கே பேச வரச் சொல்லியிருந்தார்.

பேச்சு முறிந்தால் என்ன நடக்கும் என்பது யமுனாவுக்குத் தெரியும். பிச்சாட்டூரிலிருந்து ஓர் ஆள் தறிகளை மொத்தமாக விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தான். "சரேனண்டி, சாயந்திரம் செப்தானு" என்று அப்பா போனில் தெலுங்கில் சொன்னதை அவளே கேட்டாள். சாயங்காலம் சொல்கிறேன் என்றால் மாலைக்குள் முடிவு. விற்றுவிட்டால் தெருவில் பாதி அடுப்பு எரியாது. அவள் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த சத்தமும் அதோடு போயிற்று.

யமுனா திருப்பதியில் ஒரு கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறவள். பிரெஞ்சுப் புரட்சியின் காரணங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். காலியான கஜானா, ஏழை தலையில் மட்டும் விழுந்த வரி, ஏறிய ரொட்டி விலை. விளைவுகளும் வரிசையாக வரும். நடுவில் ஒரு சின்ன விஷயத்தையும் வருடா வருடம் சொல்வாள். புரட்சிக்கு முன்பு கூடிய பெரிய சபையில் மன்னர் தொப்பியைத் தலையில் வைத்தார். பிரபுக்களும் வைத்தார்கள். அந்த உரிமை இல்லாத சாமானியர் சிலரும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். சமமாக இருப்பதைவிட வெறுந்தலையே மேல் என்று நினைத்தாரோ என்னவோ, மன்னர் தம் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"தொப்பிக்கா மேடம் இவ்ளோ ரகளை?" என்று ஒவ்வொரு வருடமும் ஒரு பையன் கேட்பான். வகுப்பு சிரிக்கும். "இது பரீட்சைக்கு வராது" என்று அவளும் தாண்டிப் போய்விடுவாள்.

கூடத்தில் அம்மா ரத்னம்மா ஜமக்காளம் விரித்துக்கொண்டிருந்தாள். பாதி விரித்தவள் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, நாள் பூரா நின்னுக்கினே வேலை செய்யறவங்க. முட்டி வலிக்காரிங்கதான் பாதிப் பேரு. கீழ குந்தினா எழுந்துக்க முடியாது. டென்ட் ஹவுசுக்குச் சொல்லி சேர் போட்டா இன்னா?"

அண்ணாதுரை உள்ளே சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். தம் வீட்டில், தம் மனைவியிடம், முப்பது வருடமாகப் பேசுகிற அதே குரலில் பதில் சொன்னார்.

"சேரா? நல்லா சொன்ன போ. இன்னிக்கு சேர்ல குந்த வெச்சா நாளைக்கு நம்ம தலை மேல குந்துவாளுங்க. எங்க நைனா காலத்துல நின்னுக்கினுதான் பேசினாங்க. நான் தரையாச்சும் குடுக்கறேன்."

தறி ஓடுகிற நாளாக இருந்தால் அது ரத்னம்மாவின் காதையே சரியாக எட்டியிருக்காது. இன்று தெருவின் கடைசி வீடு வரை போயிற்று. மூன்றாவது வீட்டில் தோசைக்கரண்டி நின்றது. ரத்னம்மா ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள். யாரைத் தடுக்கச் சாத்தினாள் என்பது அவளுக்கே தெரியாது.

யமுனா வாசலுக்கு வந்து பார்த்தாள். எதிர்ச்சுவரோரம் பேச்சுக்காகக் காத்திருந்தவர்கள் எல்லாரும் இவர்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாபினில் நூல் சுற்றுகிற தாட்சாயணி முதலில் எழுந்தாள். சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். தெருமுனையைப் பார்த்து நடந்தாள். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

"போய்ட்டாங்களா?" அண்ணாதுரை வெளியே வந்து காலித் தெருவைப் பார்த்தார். "போவட்டும். நல்லதாப் போச்சு."

"நைனா, நீ சொன்னது அவங்களுக்குக் கேட்டுடுச்சு."

"நான் இன்னா சொன்னேன்?"

அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. புரிந்ததும் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. அதை மறைக்கப் போனைத் தேடி எடுத்தார். பிச்சாட்டூர் ஆளின் எண்ணை அழுத்தப் போன நேரத்தில்தான் அந்தச் சத்தம் வந்தது.

சிமென்ட் ரோட்டில் எதையோ இழுக்கிற சத்தம். முதலில் ஒன்று, அப்புறம் பல.

தெருமுனையில் நாற்காலிகள் வந்துகொண்டிருந்தன.

ஒவ்வொருத்தியும் தன் வீட்டு நாற்காலியைத் தலையிலோ இடுப்பிலோ தூக்கி வந்தாள். கால் உடைந்து நூலால் இறுக்கிக் கட்டிய சிவப்பு பிளாஸ்டிக் சேர். மாப்பிள்ளை பெண் பெயர் எழுதிய சீர்வரிசை மடக்கு நாற்காலி. பள்ளிக்கூட ஸ்டூல். நாற்காலி இல்லாத வீட்டுக்காரி கவிழ்த்து உட்கார ஒரு பெயின்ட் டப்பாவைத் தூக்கி வந்தாள். நெசவாளி கேசவனும் இன்னொருவனும் ஒரு பிரம்பு நாற்காலியைப் பெரியவர் ஒருவரோடு சேர்த்தே சுமந்து வந்தார்கள்.

"எழுந்துக்க மாட்டேன்னுட்டாரு. அதான் ஆளோட தூக்கிக்கினு வந்துட்டோம்" என்றான் கேசவன், யாரும் கேட்காமலே.

கோஷம் கிடையாது. கொடி கிடையாது. யமுனாவின் கை தன்னையறியாமல் கதவு நிலையைப் பிடித்தது. ரஷ்யாவில் ஜாரின் ஆட்சி கவிழ்ந்தபோது முதலில் தெருவுக்கு வந்தவர்களில் நெசவாலைப் பெண்கள் இருந்தார்கள் என்று எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பாள். அவர்கள் எப்படி நடந்திருப்பார்கள் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. இப்படித்தான் நடந்திருப்பார்கள். அடுப்பை அணைத்துவிட்டு, சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு.

வாசலுக்கு முன்னால் நாற்காலிகளைப் போட்டு எல்லாரும் உட்கார்ந்தார்கள். எதிரே, அவர்களைப் பார்த்த மாதிரி ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. பக்கத்தில் தாட்சாயணி நின்றாள்.

"தரையில குந்தறவங்க குந்தலாம் மொதலாளி, எங்களுக்கு முட்டி வலி" என்றாள். "வெளிய வாங்க, பேசலாம்."

அண்ணாதுரை படியிறங்கினார்.

அவர் கால் தெருவில் பட்டதும் அது நடந்தது. உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்தார்கள். யாரும் நினைத்து எழவில்லை. முதலாளி வந்தால் எழுகிற உடம்பு, தானாக எழுந்தது. பாதி எழுந்த நிலையில் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தாட்சாயணி குரலை உயர்த்தவில்லை. பக்கத்தில் இருந்தவளின் தோளில் கை வைத்து மெதுவாக அழுத்தினாள். அவள் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள். கடைசி வரிசை வரை, ஒவ்வொருவராக, முதலாளி நிற்கும்போதே உட்கார்ந்தார்கள்.

யமுனாவுக்குத் தொப்பிக் கதை நினைவுக்கு வந்தது. சாமானியர் தலையில் தொப்பி ஏறிய அந்தச் சபையில் அவள் நின்றுகொண்டிருந்தாள். அவள் நின்றதென்னவோ மன்னரின் பக்கம்.

இனி அப்பா என்ன செய்வார்? உள்ளே போய்க் கதவைச் சாத்தலாம். அந்த மன்னர் தொப்பியைக் கழற்றியதுபோல், உட்காராமல் நின்றே பேசி முடிக்கலாம். இரண்டில் எது நடந்தாலும் தறிகள் லாரி ஏறிவிடும்.

அண்ணாதுரை காலி நாற்காலியைப் பார்த்தார். நீலப் பிளாஸ்டிக். முதுகில் கீறல்.

"இது யாரூட்டு சேரு?"

"என்னுது" என்றாள் தாட்சாயணி.

"அப்ப நீ எதுல குந்துவ?"

தாட்சாயணி சுற்றிலும் பார்த்தாள். வீட்டில் இருந்த ஒரே நாற்காலியை இவருக்குப் போட்டிருந்தாள். அதை அப்போதுதான் யோசித்தவள்போல் கொஞ்சம் வெட்கப்பட்டாள்.

அண்ணாதுரை அவளையே பார்த்தார்.  பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, அதே தறிக்குரலில் கத்தினார். தெருவின் கடைசி வீடு வரை கேட்டது.

"யமுனா, என் சேரை எடுத்தாந்து இந்தம்மாவுக்குப் போடு."

தாத்தா காலத்துத் தேக்கு நாற்காலி அது. அப்பாவைத் தவிர வேறு யாரும் அதில் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. யமுனா அதைத் தூக்கி வந்து போட்டாள். தாட்சாயணி அதன் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு நுனியில் உட்கார்ந்தாள். அப்புறம் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். அண்ணாதுரை நீல நாற்காலியில் அமர்ந்தார். அது கொஞ்சம் முனகியது.

"தாங்கும் மொதலாளி, பயப்படாதீங்க" என்றான் கேசவன். முதலில் சிரித்தவர் அண்ணாதுரைதான்.

கூலிப் பேச்சு சுலபமாக முடியவில்லை. கோபம் வந்தது, பழைய கதைகள் வந்தன, ரத்னம்மா மூன்று தடவை டீ போட்டாள். பிச்சாட்டூர் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. வெயில் சாய்கிற நேரத்தில் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் இறங்கி ஒத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை தறிகள் ஓடின. விடுமுறை முடிந்து பேருந்துக்குக் கிளம்பிய யமுனா தறிக்கூடத்தை எட்டிப் பார்த்தாள். பாபின் இயந்திரத்தின் பக்கத்தில் நீல நாற்காலி போட்டு, தாட்சாயணி உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தாள். அவளிடம் ஏதோ சொல்ல அண்ணாதுரை வந்தார். வழக்கம்போல் தூரத்திலிருந்தே கத்த வாயைத் திறந்தார். என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார்.

நடந்து பக்கத்தில் போனார். குனிந்து, அவள் காதருகே மெல்லச் சொன்னார். அவள் தலையாட்டினாள்.

அவர் சொன்னது தறிச் சத்தத்தில் யமுனாவுக்குக் கேட்கவில்லை.